ஈரக்காலோடு டைல்ஸ் கடைக்கு

போன வாரம் தம்பி டைல்ஸ் கடையில் நின்றபடியே ஏழு போட்டோ அனுப்பினான். ஏழும் கண்ணாடி மாதிரி மின்னும் 2-க்கு 4 அடி டைல்ஸ். கூடவே ஒரு குரல் பதிவு: "எதுன்னு சீக்கிரம் சொல்லுக்கா. இன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்தா சதுர அடிக்கு அஞ்சு ரூபா குறைச்சுத் தர்றேங்கறார்."

நான் போட்டோக்களைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "கடைக்காரர்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கி டைல்ஸ் மேல ஊத்துடா. செருப்பைக் கழட்டிட்டு அதுமேல நின்னு, ஒரு காலைத் தேச்சுப் பாரு. அப்புறம் எனக்கு போன் பண்ணு" என்றேன்.

கடையில் இதையெல்லாம் செய்ய அவனுக்குக் கூச்சம். "நாளைக்கு வர்றோம்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்" என்றான். அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. வீடு கட்டுகிறவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் சொல்கிற விஷயங்களை அவனுக்காக எழுத உட்கார்ந்தேன். எழுதியதை இங்கேயும் போடுகிறேன்.

தண்ணீரில் இவ்வளவு பிடிவாதம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கட்டி 11 வருஷம் ஆகிறது. ஹாலுக்கு வாங்கின டைல்ஸில் சில பெட்டிகள் மிஞ்சின. "போர்டிகோவுக்கும் படிக்கும் இதையே போட்டுடலாம், காசு மிச்சம்" என்றார் மேஸ்திரி. சரி என்று சொன்னது நாங்கள்தான். தந்த நிறத்தில் பாலிஷ் செய்த டைல்ஸ், பார்க்க அவ்வளவு அழகு. அந்த வருஷம் ஐப்பசி மழையில், விடிகாலையில் கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்கு வந்த அம்மா முதல் படியிலேயே வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையால் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை, ஆறு வாரமும் நான்தான் பிசைந்து ஊட்டினேன். கட்டுப் பிரிக்கும் முன்பே அந்த டைல்ஸை உடைத்து எடுத்துவிட்டு, ஃப்ளேம் பண்ணின கிரானைட் போட்டோம். கல்லின் மேல் தீச்சுடரை ஓட்டுவார்கள். சூட்டில் மேலே இருக்கும் பொடிப்பொடிப் படிகங்கள் தெறித்து, கல் சொரசொரப்பாகிவிடும். எந்த மழையிலும் கால் நிற்கும்.

டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் ஒரு வெளிச்சம் நம் மேல் விழும். அத்தனை விளக்கு யார் வீட்டு ஹாலிலும் எரியாது. அந்த வெளிச்சத்தில் பளபளப்பானதுதான் கண்ணில் படும், மேட் டைல்ஸ் மூலையில் சோகையாக நிற்கும். பிடித்த டைல்ஸைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பார்த்த பிறகு திருப்பிப் போட்டு, அதன் முதுகில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள்.

இந்த ஒரு ஸ்பூன் தண்ணீர் நிறையச் சொல்லும். சுவர் டைல்ஸாக இருந்தால் தாகத்தோடு காத்திருந்தது மாதிரி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஈரத்தடம் மட்டும் மிஞ்சும். விட்ரிஃபைடு என்றால் தண்ணீர் முத்து மாதிரி அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மெதுவாக இழுப்பது சாதாரண செராமிக் தரை டைல்ஸ். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15622 டைல்ஸ்களை வகை பிரிப்பதே இந்த நீர் உறிஞ்சும் அளவை வைத்துத்தான். விட்ரிஃபைடில் அது அரை சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். சுவர் டைல்ஸில் அது 10 சதவீதத்துக்கும் மேலே போகும். களிமண், ஃபெல்ட்ஸ்பார், சிலிக்கா எல்லாம் கலந்து சுமார் 1200 டிகிரி சூட்டில் சுடும்போது உள்ளே எவ்வளவு உருகி இறுகுகிறது என்பதில்தான் வித்தியாசம். நிறைய உறிஞ்சுவதால் சுவர் டைல்ஸ் மட்டம் என்று ஆகிவிடாது. சுவரில் யாரும் நடப்பதில்லை, அங்கே ஒட்டிப்பிடிக்க அந்த உறிஞ்சல் உதவவே செய்கிறது. ஆனால் விலை குறைவு என்று சுவர் டைல்ஸை எடுத்துத் தரையில் போட்டால் ஒரு சிலிண்டரை உருட்டினாலே விரிசல் விட்டுவிடும்.

குஜராத்தில் மச்சு நதிக்கரையில் மோர்பி என்ற ஊர் இருக்கிறது. நாட்டில் தயாராகும் டைல்ஸில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பெட்டியில் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் மோர்பி சரக்குதான். அதனால் பெயரைவிட வகைக்கே நான் அதிகம் கவனம் கொடுப்பேன். கடையில் ஜி.வி.டி. என்று சொல்வது, விட்ரிஃபைடு மேல் டிசைனை அச்சடித்துக் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசியது. டபுள் சார்ஜ் என்றால் நிற மண்ணையே இரண்டு அடுக்காக வைத்து அழுத்தியது. அதில் டிசைன் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும், தேய்ந்தாலும் தெரியாது. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது சரி. வெறுங்காலோடு நடக்கும் நம் வீடுகளுக்கு மேட் ஃபினிஷ் ஜி.வி.டி. தாராளமாகப் போதும். கிளேஸுக்கு நிஜமான எதிரி மணல். மணல் என்பது குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. பெரும்பாலான கிளேஸ் அதைவிட மெது. வாசலில் முரட்டு மிதியடி போட்டு, மாப் போடும் முன் ஒருமுறை பெருக்கிவிட்டாலே கீறல் பாதி குறையும். பெருக்காமல் ஈரத்துணி போடுவது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரி.

வழுக்கலுக்கும் ஓர் அளவு உண்டு. நல்ல டைல்ஸ் விவரத்தாளில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருப்பார்கள். எண் ஏற ஏறப் பிடிமானம் கூடும். ஈரம் வருகிற எந்த இடத்துக்கும் ஆர் 10-க்குக் கீழே வேண்டாம். போர்டிகோ, படி, துணி துவைக்கும் இடத்துக்கு ஆர் 11 கேளுங்கள். கேட்டால் "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று சிரிக்கிறார்கள் என்றால், இருக்கவே இருக்கிறது தண்ணீர் டம்ளர்.

பாத்ரூம் தரைக்குப் பெரிய டைல்ஸ் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அங்கே தண்ணீர் ஓட்டைக்குப் போக வாட்டம் வேண்டும், நாலு அடிக்கு அரை அங்குலமாவது. 2-க்கு 4 அடிப் பலகையை எப்படி நாலு பக்கமிருந்தும் ஒரே ஓட்டையை நோக்கிச் சாய்ப்பது? 1-க்கு 1 அடி மேட் டைல்ஸ் என்றால் வாட்டம் அழகாக வரும். ஜாயின்ட்டுகளும் நிறைய இருப்பதால் காலுக்குப் பிடி கிடைக்கும். டைல்ஸ் ஒட்டும் முன் வெறும் தளத்தில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், எங்கே தேங்குகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டுங்கள். ஒட்டின பிறகு சொன்னால் எந்தக் கொத்தனாரும் உடைக்க மாட்டார்.

எத்தனை பெட்டி வாங்குவது என்பதில் தம்பி குழம்பியிருந்தான். 2-க்கு 2 அடி என்றால் பெட்டிக்கு 4, 2-க்கு 4 அடி என்றால் பெட்டிக்கு 2 வரும். இரண்டிலும் பெட்டிக்கு 1.44 சதுர மீட்டர், அதாவது பதினைந்தரை சதுர அடி. 12-க்கு 14 ரூம் என்றால் தரை 168 சதுர அடி. சுற்றளவு 52 அடி. கதவிடத்தைக் கழிக்காமல், சுவரடியில் ஓடும் நாலு அங்குல ஸ்கர்ட்டிங் சேர்த்தால் இன்னொரு 17. ஆக 185. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 203-க்குக் கொஞ்சம் மேல், 14 பெட்டி. அதற்கு மேல் ஒரு பெட்டி பரணுக்கு. ஒவ்வொரு சூளைச் சூட்டுக்கும் நிறம் ஒரு நூல் மாறும். அதனால்தான் பெட்டியின் பக்கத்தில் ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் அச்சடிக்கிறார்கள். ஒரே ரூமுக்குப் போகும் எல்லாப் பெட்டியிலும் அந்த நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிடுங்கள், ஒட்டின பிறகு தெரிந்து பலனில்லை.

ஒட்டுகிற வேலையில் ஒரு சண்டை கட்டாயம் வரும். விட்ரிஃபைடு டைல்ஸை சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டுவதுதான் பழக்கம். ஆனால் தண்ணீரையே உள்ளே விடாத முதுகு சிமெண்டை எப்படிப் பிடிக்கும்? அதற்கென்று டைல்ஸ் பசை மூட்டையாகக் கிடைக்கிறது, பல் கரண்டியால் வரிவரியாக இழுத்து ஒட்ட வேண்டும். செலவு கூடத்தான். ஆனால் நடுவில் காற்று நின்ற டைல்ஸைக் காசால் தட்டினால் பானையைத் தட்டுவது மாதிரி சத்தம் வரும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அது எழும்பும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மதிய நேரம் வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், ஹால் நடுவில் நாலு டைல்ஸ் கூடாரம் மாதிரி முட்டிக்கொண்டு நின்றன. ஜாயின்ட்டே தெரியாமல் ஒட்டித் தரச் சொல்லி அவர்களே கேட்டு வாங்கியது. சூட்டில் டைல்ஸ் கொஞ்சம் விரியும், கீழே கான்கிரீட் கொஞ்சம் சுருங்கும். விலக இடமில்லை என்றால் மேலேதான் வந்தாக வேண்டும். குறைந்தது 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வையுங்கள். சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியிலும் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். எனக்குக் கல்தான் பிடிக்கும். மாமியார் வீட்டுச் சமையல் மேடை கடப்பாக்கல். கறுப்பாக, குளுகுளுவென்று, பூரிப் பலகையே இல்லாமல் மாவு தேய்க்கிற மாதிரி இருக்கும். கல்யாணம் ஆகிப் போன புதிதில் அந்த மேடையில் வட்டவட்டமாக வெளுத்த தடங்கள் கண்ணில் பட்டன. எல்லாம் ஒரே அளவு. சோப்பு போட்டேன், சாம்பல் போட்டேன், அசையவில்லை. ஒருநாள் எலுமிச்சம்பழத்தை நறுக்கி, பிழிந்த மூடியை மேடையில் கவிழ்த்து வைத்தேன். சாதம் கிளறி முடித்து மூடியை எடுத்தால் கீழே இன்னொரு புது வட்டம்.

அது கறையே அல்ல. கடப்பாக்கல் என்பது சுண்ணாம்புக்கல். எலுமிச்சையோ புளியோ தயிரோ பட்டால் கால்சியம் கார்பனேட் கரைந்து போகும். மேலே இருந்த பாலிஷை அமிலம் தின்றுவிட்டது, இல்லாத கல்லை எந்தச் சோப்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. ராஜஸ்தான் கோட்டாக்கல்லும், தெலங்கானா தாண்டூர்க்கல்லும் இதே சுண்ணாம்பு ஜாதி. தாஜ்மகாலுக்குப் போன மக்ரானா மார்பிளும் வேதியியலில் அதன் உறவுதான். இவற்றைத் தரையில் போடுங்கள், நான் தடுக்கவில்லை. கோட்டாக்கல் போட்ட மாடிப்படி இரண்டு தலைமுறை நிற்கும். புளி கரைக்கிற இடத்தில் மட்டும் வேண்டாம். பூஜையறைக்கு வெள்ளை மார்பிள் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். தயிர், எலுமிச்சை, எண்ணெய், குங்குமம், மஞ்சள் என்று மார்பிளுக்கு ஆகாதது அத்தனையும் ஒன்றுகூடுகிற இடம் அது. சீலர் அடித்தால் கறை உள்ளே இறங்குவது தாமதமாகும். அமிலம் தின்பதைச் சீலர் தடுக்காது.

சமையல் மேடைக்கு கிரானைட்தான். கிருஷ்ணகிரி, தர்மபுரி, மேலூர் என்று நம் ஊரிலேயே வெட்டுகிறார்கள். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த கல், எலுமிச்சைக்கு அசையாது. கறுப்பு கிரானைட் என்று விற்பது புவியியல்படி கிரானைட்டே கிடையாது, டோலரைட் அல்லது காப்ரோ வகை. உழைப்பில் அதற்கும் குறைவில்லை. ஆனால் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக விற்பதும் நடக்கிறது. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து ஓரத்தில் நன்றாகத் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் அது சாயம். கடப்பாவா கிரானைட்டா என்று சந்தேகம் வந்தால், உடைந்த துண்டு ஒன்றை வாங்கி வந்து நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். மங்கலாகிப் போனால் சுண்ணாம்புக்கல்.

ஆத்தங்குடிக் கல்லை செராமிக் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அதைச் சூளையில் வைப்பதே இல்லை. சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில், கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, கையாலேயே வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டுச் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் கண்ணாடி வழவழப்போடு வரும். நடக்க நடக்க மெருகு ஏறுகிற தரை. சிமெண்ட் என்பதால் அமிலம் ஒரு சொட்டு பட்டாலும் பூவும் கொடியும் வெளுத்துவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூசினால் போதும். அந்தப் பக்கத்துப் பாட்டிகள் செய்வதும் இதுதான்.

அமிலம் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. மளிகைக் கடையில் பாட்டிலில் விற்கிறதே பாத்ரூம் ஆசிட், அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எங்கள் வீட்டிலும் மாதம் ஒருமுறை அதை ஊற்றித் தேய்க்க ஒருவர் வந்தார். போர் தண்ணீரின் உப்புப் படிவம் பொரிந்து போகும், டைல்ஸ் வெள்ளையாகச் சிரிக்கும். நாலு வருஷம் கழித்துக் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரத்திட்டு. பிளம்பர் குழாயையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து, டைல்ஸ் இடுக்கில் ஒரு குச்சியை நுழைத்தார். தங்குதடை இல்லாமல் உள்ளே போனது. டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிளேஸ் அமிலத்தைத் தாங்கும். நடுவில் அடைத்திருந்த சிமெண்டைத்தான் நாலு வருஷமாக நாங்களே கரைத்து ஊற்றியிருக்கிறோம். இடுக்கையெல்லாம் சுரண்டி எபாக்சி கிரவுட் அடைத்த செலவில் ஒரு ரூமுக்கு டைல்ஸ் போட்டிருக்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடமும் கட்டாயம் சொல்லிவையுங்கள், அந்த மூச்சை இழுக்கப்போவது பெரும்பாலும் அவர்தான்.

உப்புப் படிவத்துக்கு வழி, அது படியும் முன் தடுப்பது. எங்கள் பாத்ரூமில் ஒரு ரப்பர் வைப்பர் தொங்குகிறது. குளித்து முடித்தவர் சுவரையும் தரையையும் இழுத்துவிட்டு வர வேண்டும், அரை நிமிஷ வேலை. தண்ணீர் நிற்காவிட்டால் உப்பும் நிற்காது. ஏற்கெனவே படிந்திருந்தால், செராமிக் சுவர் என்ற உறுதி இருந்தால் மட்டும், முதலில் இடுக்கெல்லாம் நனையத் தண்ணீர் அடித்துவிட்டு, நீர்த்த வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்து, ஐந்து நிமிஷத்துக்குள் கழுவிவிடுங்கள். நனைந்த கிரவுட் வினிகரை அவ்வளவாக இழுக்காது.

தினசரித் தரைக்கு ஒரு வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும். வாசனைக்காக மூடி மூடியாக ஊற்றினால் அது தரையில் படலமாகக் காய்ந்து அழுக்கை இழுக்கும், ஈரம் பட்டால் வழுக்கவும் செய்யும். மார்பிளில் எண்ணெய் சிந்தினால் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பாலிதீன் தாள் மூடி ஒருநாள் விடுங்கள், எண்ணெயை மாவு இழுத்துக்கொள்ளும். மஞ்சள் கறைக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் சோப்பு போட்டதும் சிவக்குமே, கல்லிலும் அதேதான் நடக்கும். துடைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வெயில் விழ விடுங்கள். சில நாளில் மஞ்சள் தானாக வெளுத்துவிடும்.

நேற்று தம்பி அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி அதே கடைக்குப் போனான். இந்த முறை தண்ணீர் கேட்டது அம்மா. பளபள டைல்ஸில் ஊற்றிக் காலை வைத்ததுமே என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததிலும் அப்படியே. நாலாவதாக ஒரு சாம்பல் நிற மேட் டைல்ஸ். அதன் மேல் ஏறி நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதத்தை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"இதுல கால் நிக்குதுடா" என்றாள் தம்பியிடம்.

போர்டிகோவுக்கும் பாத்ரூம்களுக்கும் அதுவே முடிவானது. கடைக்காரர் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தார். தம்பி ஆசைப்பட்ட மின்னும் டைல்ஸ் மாடிப் படுக்கையறைக்கு, அங்கே தண்ணீர் வராது. கணக்குக்கு மேல் வகைக்கு ஒரு பெட்டி சேர்த்துச் சொல்லியிருக்கிறான். சரக்கு வெள்ளிக்கிழமை வருகிறதாம். ஷேடு நம்பர் பார்க்க நான் போகிறேன்.